கொழும்பின் வெக்கையில் குட்டை டேலியா: சாடியிலும் பாத்தி ஓரத்திலும்

வெள்ளவத்தையில் கடற்பக்கம் பார்த்த தொடர்மாடி வீடொன்றின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் நீங்கள், சித்திரை விடுமுறையில் நுவரெலியாவிலிருந்து பூத்த டேலியாச் சாடிகள் இரண்டைக் கொண்டுவந்ததாகவும், மூன்று கிழமைக்குள் அவை மொட்டுக் கருகித் தண்டு கறுத்துச் செத்துப்போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தெஹிவளையில் அம்மாவின் வளவில் நட்ட கிழங்குகளில் சில முளைக்கவே இல்லை என்றும், முளைத்த சில ஒரு சாண் உயரம் வந்தபின் ஒரே நாளில் துவண்டுவிட்டன என்றும், அதே இடத்தில் முன்பு தக்காளிக் கன்றுகளும் இப்படியே போயின என்றும் சொல்கிறீர்கள். கொழும்பில் பல்கனிச் சாடியிலும் பாத்தி ஓரத்திலும் குட்டையான, நிறம் நிறமான டேலியாக்களை வளர்க்க வழியுண்டா என்பது உங்கள் கேள்வி. வழியுண்டு. ஆனால், டேலியாவை வருடாவருடம் கிழங்கிலிருந்து எழும்பும் செடியாகக் கருதுவதை இங்கே விட்டுவிட வேண்டும். விதையிலிருந்து எழுப்பி, மழை ஓய்ந்திருக்கும் மூன்று நான்கு மாதங்களுக்குள் பூக்கவைத்து, அத்துடன் கணக்கை முடித்துவிடும் ஒருபோகப் பூஞ்செடியாக அதை நடத்தினால் கொழும்பிலும் அது நன்றாகவே பூக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் உங்கள் நுவரெலியாச் சாடிகள் ஏன் செத்தன என்பதைப் பார்ப்போம். டேலியா மெக்சிக்கோவினதும் மத்திய அமெரிக்காவினதும் மலைநாட்டுச் செடி. மெக்சிக்கோவிலிருந்து மட்ரிட் நகரின் தாவரவியற் பூங்காவுக்குப் போன விதைகளிலிருந்து அதை வளர்த்த கவனில்லெஸ் என்பவர், 1791இல், அண்டர்ஸ் டால் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரின் பெயரை அதற்கு இட்டார். அந்தக் கணக்கில் 'டாலியா' என்பதே மூல ஒலிக்குக் கிட்டியது, நமது வாய்க்கு என்னவோ டேலியா என்றே பழகிவிட்டது. 1963இல் மெக்சிக்கோ அதைத் தன் தேசிய மலராக்கியது. மலைநாட்டில் பகல் வெயில் கடுமையாக இருந்தாலும் இரவு குளிர்ந்துவிடும், செடியின் உடம்பு அந்த ஏற்றத்தாழ்வுக்குப் பழகியது. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டின் சராசரி வெப்பநிலை 16 பாகையளவில் இருக்கும் நுவரெலியாவும், அதற்கு அண்மையில் 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கல பூங்காவும் டேலியாவுக்கு ஏறத்தாழப் பிறந்தகம் போன்றவை. கொழும்பில் பகல் 30, 31 பாகை என்பது செடிக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. மே மாதத்து இரவிலும் 25 பாகைக்குக் கீழே இறங்காத வெக்கைதான் அதைத் தின்கிறது. பகலில் இலை சேர்த்த மாச்சத்தை இரவு முழுவதும் சுவாசித்தே செடி செலவழித்துவிடுவதால் மொட்டுக்குக் கொடுக்க மிச்சமில்லை, பூ சிறுத்து நிறம் வெளிறுகிறது. குளிரில் வளர்ந்து பூத்திருந்த ஒரு செடியை, அதுவும் சித்திரையில், அடுத்த மாதம் தென்மேல் பருவமழை வரவிருக்கும் வேளையில், இங்கே கொண்டுவந்து வைத்தால் அது மூன்று கிழமை நின்றதே பெரிய விடயம்.

இரவு வெப்பத்துக்கு அடுத்தபடி, நம்மவர் அதிகம் கவனிக்காத இன்னொரு காரணம் பகலின் நீளம். இலண்டனில் ஆனி மாதத்துப் பகல் பதினாறரை மணி நேரம். ஏறத்தாழ வட அகலக்கோடு 7 பாகையில் இருக்கும் கொழும்பில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வித்தியாசம் முக்கால் மணி நேரம் மட்டுமே, மார்கழியில் பகல் பன்னிரண்டு மணிக்கும் சற்றுக் குறைந்துவிடும். பகல் பன்னிரண்டு மணியளவுக்கு ஒடுங்கும்போது, 'மாரி வருகிறது' என்று டேலியா எடுத்துக்கொண்டு, மேல்வளர்ச்சியை மெதுவாக்கிக் கிழங்கு கட்டத் தொடங்கும். அடுக்குப் பூக்களில் நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் வெளியே தெரியத் தொடங்குவதும் பெரும்பாலும் இதனாலேயே. எனவே உங்கள் சாடியில் அடுக்கு டேலியா ஒன்று ஒற்றைப் பூப்போல் நடு திறந்து பூத்தால், விதைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே கோபப்பட வேண்டாம். இதற்கு ஓர் எளிய கைமருந்து உண்டு. பூச்சாடித் தொழில் செய்வோர் மாலைக்குப் பின்னும் சில மணி நேரம் மங்கலான விளக்கை எரியவிட்டுப் பகலை நீட்டுவார்கள். எங்கள் வீட்டு முன்விறாந்தை விளக்கு இரவு பத்து மணிவரை எரியும். ஒரு வருடம் தற்செயலாக அதன் கீழே வைக்கப்பட்ட நான்கு சாடிகள் பெப்ரவரி முழுவதும் மொட்டு விட்டுக்கொண்டிருந்தன, மதிலோரத்தில் இருட்டில் நின்ற அதே விதைக் கன்றுகள் ஜனவரி கடைசியிலேயே ஓய்ந்துவிட்டன. அதற்குப் பிறகு நான் வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்து வைக்கிறேன். மாலையில் பல்கனி விளக்கை எரியவிடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் அது செடிக்கும் பயன்படட்டும்.

இந்த இரண்டு தடைகளையும் குட்டை இனங்கள் நெட்டை இனங்களைவிடச் சுலபமாகத் தாண்டுகின்றன. சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குப் பூக்கும் இனங்களுக்கு ஒரு பூவை விரிப்பதற்கே நீண்ட காலமும் குளிர்ந்த இரவுகளும் வேண்டும். ஐந்தாறு சென்ரிமீற்றர் அகலப் பூவை அடுக்கடுக்காக விடும் குட்டை இனங்களோ, விதைத்து இரண்டரை முதல் மூன்று மாதங்களில், கிழங்கு கட்டும் எண்ணம் முற்றுவதற்குள் பூத்துவிடும். விதையாகக் கிடைப்பவற்றில் 'ஃபிகாரோ', 'ரிகொலெட்டோ' ஆகிய இரண்டும் 30 முதல் 40 சென்ரிமீற்றருக்குள் அடங்குபவை, சாடிக்கு இவற்றையே முதலில் சொல்வேன். 'ரெட்ஸ்கின்' என்பதன் இலை செம்பு கலந்த கருஞ்சிவப்பாக இருப்பதால், பூ இல்லாத நாட்களிலும் பார்க்க அழகாக இருக்கும். 'அன்வின்ஸ்' குட்டைக் கலப்பினங்கள் 60 சென்ரிமீற்றர் வரை போகும், அவை பாத்திக்கே பொருத்தம். நெதர்லாந்தில் உருவான 'கலரி' வரிசை மிகவும் நேர்த்தியானது, ஆனால் அது கிழங்காகவோ வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த கன்றாகவோதான் வரும். நல்ல நாற்றுப்பண்ணையில் கன்றாகக் கண்டால் வாங்குங்கள், கிழங்காக வாங்காதீர்கள்.

விதைப் பொதிகள் அநேகமாகக் கலப்பு நிறங்களாகவே வரும். டேலியாவின் உயிர்க்கலத்தில் நிறமூர்த்தத் தொகுதி எட்டு மடங்காக இருப்பதால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு விதமாகப் புரண்டு வரும். உங்களுக்குப் பிடித்த பூவிலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே பூ வராது என்பதற்கும் இதுவே காரணம். மஞ்சள், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை என்று எல்லாம் வரும், நீலம் மட்டும் வராது. இணையத்தில் நீல டேலியா விதை விற்கிறார்கள் என்றால் அந்தப் படத்தில் கணினி வேலை நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காலக்கணக்குத்தான் முக்கியமானது. கொழும்பில் ஒக்டோபரில் ஏறத்தாழ 350 மில்லிமீற்றர் மழை, நவம்பரிலும் அதற்குச் சற்றுக் குறைவாக. ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அது மாதத்துக்கு 60, 75 மில்லிமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். அதே மாதங்களில்தான் இரவு 22 பாகையளவுக்குக் குளிரும், அதிகாலையில் போர்வையை இழுத்துக்கொள்ளத் தோன்றும் அந்தச் சில கிழமைகளே டேலியாவுக்கும் இதமானவை. உங்கள் பல்கனிக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கடலிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்குள் உப்பைக் கொண்டுவந்து கொட்டும், அது இலை ஓரங்களைத் தீய்க்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்க் காற்று தரைப்பக்கமிருந்து வீசுவதால் உப்பின் தொல்லை குறைவு. ஆகவே செப்டெம்பர் நடுப்பகுதியில் விதைத்தால் நத்தாருக்கு முதற்பூவைக் காணலாம், ஒக்டோபர் முதற் கிழமையில் விதைத்தால் தைப்பொங்கலுக்குச் செடி நிறைந்திருக்கும். இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு தடவை விதைப்பது என் வழக்கம், அடைமழையில் ஒரு தொகுதி அழுகினாலும் மற்றது கை கொடுக்கும்.

விதைப்பதற்குத் தனித் தட்டம் வாங்கத் தேவையில்லை. சாப்பிட்டுக் கழுவிய யோகட் கோப்பைகளின் அடியில் சூடாக்கிய ஆணியால் நான்கு துளை போட்டு, கழுவிய தும்புத்தூளையும் மெல்லிய மணலையும் சம அளவில் கலந்து நிரப்பி, கோப்பைக்கு ஒரு விதையாக, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் படுக்கவைத்து மூடுங்கள். கொழும்பின் அறை வெப்பமே முளைப்பதற்குப் போதும், ஐந்து முதல் பத்து நாளில் முளை தெரியும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டு நாள் சமையலறை மூலையில் மறந்துவிட்டால் கன்று நூல்போல் நீண்டு சாய்ந்துவிடும், அதைத் தேற்றுவது கடினம். ஒக்டோபர் மழையில் கன்றுகளை நனையவிடாதீர்கள். மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நூலாக மெலிந்து கன்று படுத்துக்கொள்ளும் நாற்றழுகல் ஓரிரவில் இருபது கோப்பையையும் முடித்துவிடும். நீரைத் தலையில் ஊற்றாமல், கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் பத்து நிமிடம் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு எடுத்துவிடுங்கள்.

நான்காவது இலைச்சோடி வரும்போது பெரிய சாடிக்கு மாற்றலாம். ஒரு கன்றுக்குப் பத்து அங்குலச் சாடி, இரண்டடி நீளத் தொட்டியானால் மூன்று கன்று. சாடியின் வகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். கறுப்புப் பிளாத்திக்குச் சாடியை மேற்கு வெயிலில் வைத்து, பிற்பகல் மூன்று மணிக்கு அதன் வெயிற்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பத்து எண்ணுவதற்குள் கையை எடுத்துவிடுவீர்கள், அந்தச் சூட்டில் அந்தப் பக்கத்து வேர் முழுவதும் வெந்துபோகிறது. மண்சாடி தன் சுவர்வழியே ஈரத்தைக் கசியவிட்டுத் தானே குளிர்ந்துகொள்ளும். மண்சாடி கனம் என்றால், இருக்கும் சாடியை அதைவிடப் பெரிய இன்னொரு சாடிக்குள் இறக்கி, இடைவெளியில் நனைத்த பொச்சுத் தும்பை அடையுங்கள். வெளிப்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் உதவும். கடற்பக்கப் பல்கனி மேற்குப் பார்த்தது என்பதால் உங்களுக்குக் காலை வெயில் வராது, பிற்பகல் வெயில்தான் முழுதாக வரும். ஆறு மணி நேர வெயில் டேலியாவுக்கு வேண்டும் என்றாலும் அது காலை வெயிலாக இருப்பதே நல்லது. வீட்டின் மறுபக்கத்தில் கிழக்குப் பார்த்த யன்னல் மேடையோ பொது மொட்டைமாடியோ இருந்தால் அங்கே வையுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால், பல்கனிக் கம்பியை ஒட்டாமல், சாடியில் நிழலும் செடியில் வெயிலும் விழும்படி ஒரு பலகையையோ வேறு சாடிகளையோ முன்னால் நிறுத்துங்கள்.

சாடிக் கலவைக்குத் தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, ஆற்றுமணல் அரைப் பங்கு. மூன்றாம் மாடியில் மணல் எதற்கு என்று கேட்பீர்கள். சாடி காற்றில் உருளாமல் இருக்கச் சற்றுக் கனம் வேண்டும். தும்புத்தூள்க் கட்டியை ஊறவைத்து, பிழிந்து, வேறு தண்ணீரில் மறுபடி ஊறவைத்து என்று மூன்று தடவை கழுவுங்கள். அதிலுள்ள உப்பும் சாயமும் போகாமல் நட்டால் இளம் வேர் கருகும், முதலாவது கழுவலில் தேநீர் நிறத்தில் வரும் தண்ணீர் மூன்றாவது கழுவலில் வெளிறிவிட வேண்டும். சாடிக்கு ஒரு தேக்கரண்டி டொலமைட் தூவிக் கலந்தால் புளிப்புத் தணிவதோடு கல்சியமும் மகனீசியமும் கிடைக்கும். பச்சைச் சாணத்தையும் அரைகுறையாக மக்கிய சமையலறைக் கழிவையும் கிட்டவும் கொண்டுவராதீர்கள்.

சாடிக்குக் கீழே தட்டம் வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டேலியாவின் வேருக்கு அது கெடுதி என்பது ஒரு பக்கம், டெங்கு நுளம்பு என்பது மறுபக்கம். 2017இல் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். பூச்சாடித் தட்டத்தில் ஒரு கிழமை தேங்கும் தண்ணீரே நுளம்புக் குடம்பி வளர்ந்து பறப்பதற்கு ஏறத்தாழப் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதலில் குனிந்து பார்ப்பதும் அதைத்தான். கீழ்வீட்டார் தலையில் தண்ணீர் சொட்டும் என்பதால் தட்டம் வைத்தே ஆகவேண்டும் என்றால், தட்டத்தை விளிம்பு மட்டத்துக்கு மணலால் நிரப்பி அதன் மேல் சாடியை வையுங்கள். முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும் என்பதால், பழைய தட்டத்தைத் தேய்த்துக் கழுவாமல் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

தண்ணீர் விடுவதில்தான் கொழும்பில் பெரும்பாலான டேலியாக்கள் சாகின்றன, அதுவும் அன்பு மிகுதியால். நண்பகல் வெயிலில் டேலியா இலை தொங்குவது இயல்பு. வேர் இழுத்துக்கொடுப்பதைவிட இலை வேகமாக இழக்கிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து மனம் பொறுக்காமல் உடனே ஒரு வாளி ஊற்றுவோம், ஏற்கெனவே ஈரமாக இருக்கும் மண்ணில் காற்று இல்லாமல் போய், வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை இழுக்க முடியாததால் மறுநாள் செடி இன்னும் தொங்கும், நாம் இன்னொரு வாளி ஊற்றுவோம். ஆகவே தொங்கும் செடியை மாலை ஆறு மணிக்கு மறுபடி பாருங்கள். நிமிர்ந்திருந்தால் அதற்குத் தாகம் இல்லை. காலையிலும் தொங்கியபடியே இருந்தால் மட்டும் விரலை இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். ஈரமாக இருந்தும் தொங்கினால் பிரச்சினை வேரில் இருக்கிறது, தண்ணீர் அதற்கு மருந்தாகாது. இன்னும் சுலபமான வழி சாடியைச் சற்றுச் சரித்துத் தூக்கிப் பார்ப்பது. நனைந்த சாடியின் கனமும் காய்ந்த சாடியின் கனமும் நான்கு நாளில் கைக்குப் பழகிவிடும். விடும்போது அடித்துளையால் வடியுமளவுக்கு, காலையில், அடியில் விடுங்கள். மாலையில் இலையை நனைத்து வைத்தால் இரவு முழுவதும் ஈரம் காயாது, இலைப்புள்ளி போன்ற பூஞ்சண நோய்களுக்கு அது விருந்து. உப்புக்காற்று வீசிய மறுநாட் காலை மட்டும் விதிவிலக்கு: அன்று இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

நுனி கிள்ளுவது பற்றி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஃபிகாரோ போன்றவை தாமாகவே கிளைக்கும் என்பதால் அவற்றுக்கு அது கட்டாயமில்லை. 60 சென்ரிமீற்றர் போகும் இனங்களுக்கு நான்காவது சோடி இலைக்கு மேல் ஒருமுறை கிள்ளினால் போதும். பசளையில் கையடக்கம் வேண்டும். நைதரசன் மிகுந்தால் கீரைப்பாத்திபோல் இலை மண்டும், பூ வராது. முதல் மொட்டுத் தெரியும்வரை கூட்டெருவே போதும், அதன் பிறகு அல்பேர்ட் கரைசல் என்ற கலப்புப் பசளையைப் பொதியில் குறிப்பிட்ட செறிவின் அரைவாசிக்குக் கரைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை விடுங்கள். யூரியாவை மறந்துவிடுங்கள்.

வாடிய பூவை அகற்றுவதுதான் இந்தச் செடி உங்களிடம் ஓயாமல் கேட்கும் வேலை. விதை கட்டத் தொடங்கினால் மொட்டு விடுவதை நிறுத்திவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் பலர் மொட்டையும் இதழ் உதிர்ந்த தலையையும் ஒன்றென்று எண்ணி மொட்டையே வெட்டிவிடுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் வெட்டியிருக்கிறேன். கிட்ட வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மொட்டு பொத்தான்போல் உருண்டு, மேற்புறம் தட்டையாக, விரலால் அமுக்கினால் இறுக்கமாக இருக்கும். உதிர்ந்த தலை நுனி ஒடுங்கிக் கூம்பாக, அமுக்கினால் மெத்தென்று, மழைக்குப் பின் என்றால் விரலில் பழுப்புநீர் கசியும். தலையை மட்டும் கிள்ளாமல், காம்பின் அடிவரை போய், அடுத்த இலைச்சோடிக்குச் சற்று மேலே வெட்டுங்கள். டேலியாத் தண்டு உள்ளே குழல். நீண்ட அடிக்கட்டையை விட்டுவைத்தால் மழைத்தண்ணீர் அந்தக் குழலுக்குள் நின்று கணுவை அழுக்கும். உங்கள் நுவரெலியாச் செடிகளின் தண்டு மேலிருந்து கீழாகக் கறுத்துப் போனது என்றால் இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இனி அம்மாவின் வளவுக்கு வருவோம். முளைத்த செடி இலை மஞ்சளாகாமலே, பச்சையாக இருக்கும்போதே ஒரே நாளில் துவண்டது என்பதும், அதே இடத்தில் தக்காளியும் அப்படிப் போனது என்பதும் பற்றீரியா வாடலையே காட்டுகின்றன. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு ஆகியவற்றைத் தாக்கும் அதே கிருமி டேலியாவையும் தாக்கும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வீட்டிலேயே உறுதிப்படுத்திக்கொள்ளலாம். துவண்ட செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டை வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுகம் நீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுகத்திலிருந்து பால்நிற நூல்போல் ஏதோ கீழ்நோக்கி இழைந்து இறங்கினால் அதுவேதான். மருந்து கிடையாது. செடியை வேரோடும் சுற்று மண்ணோடும் எடுத்து அகற்றுங்கள், கூட்டெருக் குழிக்குள் போடாதீர்கள், கத்தியையும் மண்வெட்டியையும் கழுவி வெயிலில் காயவையுங்கள். அந்த மூலையில் டேலியாவுக்குப் பதிலாக, தக்காளிக் குடும்பமும் வாழை இனங்களும் தவிர்ந்த வேறெதையாவது வையுங்கள், வாழைக்கும் இந்தக் கிருமிக் கூட்டத்தில் உறவுக்காரர் உண்டு.

வளவின் வேறு பக்கத்தில் பாத்தி போடுவதானால் நிலமட்டத்தில் போடாதீர்கள். கபுக்கல் எனப்படும் செம்பூரான்கல்லை ஒரு வரிசை அடுக்கி, 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயர்த்தி, அதன் மேல் நடுங்கள். நவம்பர் மழையில் தண்ணீர் ஓடிவிடுவதும் தேங்குவதும் அந்த அரை அடியில்தான் தீர்மானமாகிறது. செடிக்குச் செடி ஓரடி விடுங்கள். நெருக்கமாக நட்டால் முதற் கிழமை அழகாக இருக்கும், பிறகு காற்றோட்டமின்றி, அடியிலைகளில் வெண்தூள்போல் படியும் சாம்பல் நோய் வரும். கலப்பு விதைக் கன்றுகளை முதலிலேயே பாத்தியில் வைக்காமல், ஐந்து அங்குலச் சாடியில் முதற்பூ விரியும்வரை வைத்திருந்து, நிறம் தெரிந்தபின் ஒரே நிறத்தில் மூன்று நான்காகச் சேர்த்து நடுவதே எனக்குப் பிடித்த முறை. பத்து நிறத்தை ஒவ்வொன்றாகக் கலந்து நட்டால் தூரத்திலிருந்து பார்க்க மிட்டாய்ப் போத்தல் கொட்டியதுபோல் இருக்கும். வேலை முடிந்து வீடு வரும்போது கொழும்பில் பொழுது சாய்ந்துவிடும். அந்த மங்கலில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கண்ணுக்கே தெரியாது, வெள்ளையும் இளமஞ்சளும்தான் ஒளிரும். ஆகையால் வாசற் பக்கத்துக்கு வெளிர் நிறங்களையும், காலையில் தேநீர்க் கோப்பையோடு உட்காரும் பக்கத்துக்கு அடர் நிறங்களையும் வையுங்கள். பின்வரிசைக்குக் கொஸ்மொஸ் நன்றாகப் பொருந்தும். அதுவும் டேலியாவின் குடும்பம், அதுவும் மெக்சிக்கோக்காரி, ஆனால் நம்முடைய வெக்கையை இவளைவிடப் பொறுத்துக்கொள்வாள்.

பூச்சிகளில் பாத்தியின் முதல் எதிரி ஆபிரிக்க நத்தை. ஒரு கன்றை ஓரிரவில் குச்சியாக்கிவிடும். மழை விட்ட இரவு ஒன்பது மணிக்கு டோர்ச் விளக்கோடு போய், கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுவதைவிடச் சிறந்த வழியை நான் காணவில்லை. பல்கனியில் நத்தை இல்லை, அங்கே சிலந்திப்பேன். ஜனவரி உலர் காற்றில், மழை படாத கூரைக்கடியில் அது பெருகும். இலையில் ஊசி குத்தியதுபோல் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், இலைக்கடியில் வெள்ளைக் கடதாசியைப் பிடித்துத் தட்டிப் பாருங்கள், விழுந்த தூசு நடந்தால் அதுதான் பேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதே முதல் வைத்தியம். அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி சவர்க்காரக் கரைசலும் கலந்து வெயில் சாய்ந்தபின் தெளியுங்கள். அசுவினி எனப்படும் செடிப்பேனைக் கண்டவுடன் விரலால் நசுக்கிவிடுங்கள், இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு விழுத்தும் சித்திரவடிவ வைரசை ஒரு செடியிலிருந்து மறு செடிக்குக் கொண்டுபோவது அதுதான். அப்படித் திட்டு விழுந்து வளர்ச்சி குன்றிய செடியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், பிடுங்கிவிடுங்கள்.

ஏப்ரல் மழை தொடங்கும்போது செடி களைத்திருக்கும். தோண்டினால் விதைக் கன்றின் அடியிலும் விரற்பருமனில் கிழங்குகள் இருக்கும், அதைப் பார்த்ததும் சேமிக்க ஆசை வரும். நான் ஆறு ஏழு வருடம் மணலிலும் தும்புத்தூளிலும் புதைத்து வைத்துப் பார்த்தேன். ஒக்டோபரில் எடுக்கும்போது பாதி சுருங்கிக் கடதாசியாகவும் பாதி கூழாகவும்தான் இருந்தன, குளிரான, உலர்ந்த நிலவறை இல்லாத வீட்டில் அது அப்படித்தான் ஆகும். நீங்கள் அம்மாவின் வளவில் நட்டு முளைக்காமல் போனவற்றுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். டேலியாக் கிழங்கு உருளைக்கிழங்குபோல் உடம்பெல்லாம் கண் உள்ளதில்லை, தண்டோடு சேரும் கழுத்தில் மட்டுமே கண் இருக்கும். கழுத்து இல்லாமல் ஒடித்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. ஏதாவது ஒரு நிறம் மனதுக்கு மிகவும் பிடித்துவிட்டால், மார்ச் மாதத்தில் பூ விடாத பக்கக் கிளையில் மூன்று அங்குலத் துண்டை ஒரு கணுவுக்குக் கீழே வெட்டி, மணலும் உமிக்கரியும் கலந்த கோப்பையில் நிழலில் வேர்விடச் செய்யுங்கள். இரண்டு மூன்று கிழமையில் வேர் வரும். மழை படாத கிழக்கு விறாந்தையில் அதை அடுத்த ஒக்டோபர் வரை உயிரோடு இழுத்துக்கொண்டு போக முடிந்தால் அதிலிருந்து மறுபடி துண்டு எடுக்கலாம். எனக்கு ஐந்தில் இரண்டு தப்பும்.

இப்போது ஆவணி. விதை வாங்க இன்னும் நேரம் இருக்கிறது, வாங்கியதைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டில் வையுங்கள். செத்துப்போன அந்த இரண்டு சாடிகளிலும் இருந்த மண்ணை அம்மாவின் வளவில் கொட்டிவிடாதீர்கள். பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, சாடிகளைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, வெளிற்றும் திரவம் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, மொட்டைமாடி வெயிலில் இரண்டு நாள் கவிழ்த்து வையுங்கள்.